உகண்டாவின் காடும் ஆய்வுகூடமும்

கிழக்காபிரிக்காவில், விக்ரோறியா வாவியின் வடகரையிலே என்டெபே என்னும் சிறு நகர் அமைந்திருக்கின்றது. உகண்டா பிரித்தானியரின் ஆட்சிக்குட்பட்டிருந்த காலத்தில் அதன் நிருவாகத் தலைநகராக விளங்கியது அதுவே. 1936ஆம் ஆண்டில் அமெரிக்காவின் றொக்பெல்லர் நிதியத்தார் அந்நகரில் மஞ்சட் காய்ச்சல் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவினர். ஒரு நோயை ஆராய நிலையம் அமைப்போர் அந்நோய் மிகுந்து காணப்படும் இடத்தையே நாடுவர். உகண்டாவிலோ நிலைமை வேறு. மஞ்சட் காய்ச்சல் அங்கு பெருவாரியாகப் பரவியதென்ற செய்தி எதுவும் இருக்கவில்லை. ஆயினும் மக்கள் சிலருடைய குருதியைச் சோதித்தபோது, அந்நோயால் ஒருமுறை தாக்குண்டு மீண்டவர்களிடம் காணப்படும் எதிர்ப்பாற்றல் அதில் இருந்தது. கண்ணுக்குத் தோன்றாத நோய் அவர்களை எப்பொழுது, எவ்வழியாக வந்து தீண்டியது? இவ்வினாவே நிலையத்தின் முதல் வேலையாயிற்று.

வெறும் அறிவு வேட்கையால் எழுந்த வினாவன்று அது. மஞ்சட் காய்ச்சல் ஈரலைத் தாக்கிக் கண்ணையும் உடலையும் மஞ்சளாக்குவது. கடுமையாகப் பற்றியோரிற் பலரைக் கொல்வது. நகரங்களில் அதனைப் பரப்பும் ஈடிசு நுளம்பு இந்தியாவிலும் இலங்கையிலும் தாராளமாக உண்டு. நோய் மட்டும் இன்றுவரை ஆசியாவில் வேரூன்றவில்லை. விமானப் போக்குவரத்து வளர்ந்துவந்த அந்நாட்களில், நோயைச் சுமந்த ஒருவர் ஆபிரிக்காவிலிருந்து கிழக்கே வந்திறங்கினால் விளைவு என்னாகும் என்ற அச்சம் சுகாதாரப் பகுதியினருக்கு இருந்தது. 1940ஆம் ஆண்டில் சூடானின் நூபா மலைப்பகுதியில் அந்நோய் ஆயிரக்கணக்கானோரைப் பற்றியபோது அவ்வச்சம் வீணன்று என்பது தெளிவாயிற்று. ஆபிரிக்காவின் அப்பகுதிகளிலிருந்து இலங்கைக்கு வருவோரிடம் இன்றும் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கப்படுவது இக்காரணம் பற்றியே.

உகண்டாவின் மேற்கெல்லையில், றுவன்சோரி மலைத்தொடருக்கு அப்பால், புவம்பா என்றொரு தாழ்நிலம் உண்டு. ஒரு பக்கம் பெருங்காடு. அதன் ஓரத்திலே வாழைத் தோட்டங்களும் குடிசைகளும். 1940களில் நிலையத்தார் தம் ஆராய்ச்சியை அங்கு நடத்தினர். அவர்களுள் அலெக்சாந்தர் ஹடோ என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர் நுளம்புகளின் பழக்கவழக்கங்களை ஆராய்வதிலே தனித்திறமை படைத்தவர். மரங்களில் வெவ்வேறு உயரங்களில் மேடைகள் கட்டப்பட்டன. அவற்றில் ஊழியர்கள் முறைவைத்து இரவும் பகலும் அமர்ந்து, தம்மைக் கடிக்க வந்த நுளம்புகளைக் கண்ணாடிக் குழாய்களிற் பிடித்தனர். எந்த மணிக்கு, எவ்வளவு உயரத்தில், எவ்வின நுளம்பு வந்தது என்பது ஒவ்வொரு முறையும் குறிக்கப்பட்டது. இவ்வேலையைச் செய்தோர் பெரும்பாலும் அந்நாட்டு மக்களே. ஆராய்ச்சிக் கட்டுரைகளின் தலைப்பில் அவர்களுடைய பெயர் அரிதாகவே காணப்படும். நுளம்புக்கு இரையாகத் தம் உடலைக் கொடுத்தவர்களோ அவர்கள்தாம்.

இவ்வாறு பிடித்த நுளம்புகளின் கணக்கிலிருந்து மறைபொருள் வெளிப்பட்டது. ஈடிசு ஆபிரிக்கானசு என்னும் நுளம்பு மர உச்சிகளில் வாழ்வது. சூரியன் மறைந்தபின் வரும் ஒரு மணி நேரத்தில் மிகுதியாகக் கடிப்பது. குரங்குகள் உறக்கத்துக்காக உச்சிக் கிளைகளில் ஒடுங்கும் நேரமும் அதுவே. ஆகவே மனிதர் தலைக்கு மேலே, மனிதர் அறியாமலே, குரங்குக்கும் நுளம்புக்கும் இடையில் அந்நோய் சுழன்றுகொண்டிருந்தது. பொழுது விடிந்ததும் அக்குரங்குகள் வாழைக்கனி திருடத் தோட்டங்களுக்கு இறங்குகின்றன. வாழையின் இலைக்காம்பு தண்டோடு பொருந்தும் இடுக்கிலே தேங்கும் சிறிதளவு நீரிற் பெருகும் வேறோர் ஈடிசு இனம் அங்கே காத்திருக்கின்றது. அது குரங்கையும் கடிக்கும், தோட்டக்காரனையும் கடிக்கும். திருடிய கனிக்கு விலையாகக் குரங்கு நோயை வைத்துச் சென்றதெனலாம்.

என்டெபேக்கு அண்மையில், வாவிக்கரையோரமாக, சிக்கா என்னும் சிறு காடு ஒன்று உண்டு. அங்கும் மரமேடைகள் அமைத்து, கூட்டில் அடைத்த குரங்குகளை மேலேற்றி வைத்தனர். இவை ஆசியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட இனம். ஆபிரிக்கக் குரங்குகள் மஞ்சட் காய்ச்சலைப் பெரும்பாலும் வெளித்தோற்றமின்றிக் கழித்துவிடும். ஆசியக் குரங்கு பழக்கமற்றதாகையால் காய்ச்சலுற்று உடனே காட்டிக்கொடுக்கும். 1947ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் 766 என்ற இலக்கமிட்ட குரங்குக்குக் காய்ச்சல் கண்டது. அதன் குருதியை எடுத்து ஆராய்ந்தபோது கிடைத்தது மஞ்சட் காய்ச்சல் வைரசு அன்று. அதுவரை எவரும் அறியாத வேறொன்று. அடுத்த ஆண்டு சனவரியில் அதே காட்டு நுளம்புகளிலிருந்தும் அது பிரித்தெடுக்கப்பட்டது. காட்டின் பெயரையே அதற்கிட்டு, 1952இல் செய்தியை வெளியிட்டனர்.

அதன் பின்னர் நெடுங்காலம் சிக்கா வைரசைப் பொருட்படுத்தியோர் சிலரே. 1960களின் தொடக்கத்தில் அந்நிலையத்தின் ஆராய்ச்சியாளர் ஒருவரையே அது தொற்றியது; இலேசான காய்ச்சலும் தோலிற் சில தடிப்பும் கண்டு நாட்கள் சிலவற்றில் அவர் தேறினார். இத்தகைய சிறு நோய்க்காக ஏன் இவ்வளவு பணமும் உழைப்பும் என்று அன்று ஒருவர் கேட்டிருந்தால் அவரைக் குறைகூற முடியாது. ஆனால் 2007இல் பசிபிக் பெருங்கடலின் யாப் தீவிலும், 2013இல் பிரெஞ்சுப் பொலினீசியாவிலும் அவ்வைரசு பரவியது. 2015இல் பிரேசிலில், அது தொற்றிய கர்ப்பிணிகளுக்குத் தலை சிறுத்த குழந்தைகள் பிறக்கலாயின. 2016 பெப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் அவசர நிலையை அறிவித்தபோது, அறிஞர்கள் முதலிற் புரட்டியது அறுபதாண்டுகளுக்கு முந்திய என்டெபேக் குறிப்புகளையே.

மேற்கு நைல் வைரசின் வரலாறும் ஏறக்குறைய இத்தகையதே. 1937இல் உகண்டாவின் மேற்கு நைல் மாவட்டத்தில் காய்ச்சலுற்றிருந்த ஒரு பெண்ணின் குருதியிலிருந்து அதனைப் பிரித்தனர். 1999இல் அது நியூயோர்க் நகரில் மனிதரையும் காகங்களையும் கொன்றது. 1959இல் வட உகண்டாவில் தோன்றிக் கிழக்காபிரிக்காவில் ஏறத்தாழ இருபது இலட்சம் மக்களை மூட்டுவலியால் முடக்கிய ஓன்யோங்-ன்யோங் காய்ச்சலும் என்டெபேயிலேயே இனங்காணப்பட்டது. 2006ஆம் ஆண்டில் இலங்கையிற் பலரைக் கோலூன்றி நடக்கவைத்த சிக்குன்குனியாவுக்கு அது நெருங்கிய உறவு.

தலைநகர் கம்பாலாவின் முலாகோ வைத்தியசாலையில் இன்னுமோர் ஆராய்ச்சி நடந்தது. அதன் கருவி பெரும்பாலும் ஒரு பழைய மோட்டார் வண்டியே. 1957இல் டெனிஸ் பேர்கிற் என்ற ஐரிஷ் சத்திரசிகிச்சை வைத்தியர், இரு தாடைகளின் இரு பக்கங்களிலும் கட்டி வளர்ந்த ஒரு சிறுவனைக் கண்டார். சில வாரங்களின் பின் வேறோர் ஊரில் அதே தோற்றமுடைய இன்னொரு பிள்ளை. தற்செயல் எனத் தள்ளிவிடாமல் பழைய பதிவுகளை ஆராய்ந்த அவர், இது பிள்ளைகளைத் தாக்கும் ஒரு தனிப் புற்றுநோய் எனக் கண்டு, ஆபிரிக்காவின் வைத்தியசாலைகள் பலவற்றுக்கும் கடிதம் எழுதி விசாரித்தார். 1961இல் நண்பர் இருவருடன் 250 பவுணுக்கு வாங்கிய வண்டியில் பத்து வாரங்களிற் பதினாயிரம் மைல் சுற்றினார். உயர்ந்த குளிர்ந்த நிலங்களிலும் வறண்ட நிலங்களிலும் அந்நோய் இல்லை. வெப்பமும் மழையும் சேர்ந்த தாழ்நிலங்களிலே உண்டு. நுளம்பின் எல்லையும் இதுவேயன்றோ என்பது பலரின் எண்ணமாயிற்று. 1964இல் இலண்டனில் எப்ஸ்ரீன், அச்சோங், பார் ஆகிய மூவரும் உகண்டாவிலிருந்து அனுப்பப்பட்ட கட்டித் துண்டொன்றை வளர்த்து, இலத்திரன் நுணுக்குக்காட்டியின் கீழ் ஒரு வைரசைக் கண்டனர். அது நுளம்பாற் பரவுவதன்று. உமிழ்நீரால் உலகெங்கும் பரவுவது. மலேரியா ஓயாது தாக்கும் நிலங்களில் மட்டும் அது பிள்ளைகளிடத்திற் புற்றுநோய்க்குத் துணையாகின்றது. நுளம்பைப் பற்றிய ஊகம் ஒருவகையிற் பிழை, மற்றொருவகையிற் சரி.

இவ்வாராய்ச்சியின் பயன் உகண்டாவை விட்டுச் செல்லவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. சில வேளை ஓரிரு முறை ஏற்றிய மருந்துக்கே அக்கட்டிகள் கரைந்தன. 1967இல் முலாகோவிலே புற்றுநோய் நிலையம் எழுந்தது. 1972இல் இடி அமீனின் ஆட்சியில் வெளிநாட்டு நிபுணர் வெளியேறியபின், சாள்ஸ் ஒல்வெனி என்ற உகண்டா வைத்தியர் அதனைக் கொண்டு நடத்தினார். கிழக்காபிரிக்க நாடுகளுக்குப் பொதுவாயிருந்த என்டெபே நிலையமும் 1977இல் அந்நாடுகளின் சமூகம் கலைந்தபோது உகண்டாவின் தனிப் பொறுப்பாயிற்று.

1980களில் றாக்காய் மாவட்டத்து வாவிக்கரை ஊர்களில் மனிதர் உடல் மெலிந்து இறக்கலாயினர். மக்கள் அதனை மெலிவு நோய் என்றனர். அது எயிட்ஸ் நோயே என்பதை டேவிட் செர்வாடாவும் பிறரும் 1985இல் எழுதினர். 1988இல் அம்மாவட்டத்தில் நெடுங்கால ஆய்வொன்று தொடங்கியது. கணவன் மனைவியருள் ஒருவருக்கு மட்டும் தொற்றிருந்த 415 இணையரைப் பல ஆண்டுகள் கவனித்து, 2000ஆம் ஆண்டில் ஒரு முடிவு வெளியிடப்பட்டது. குருதியில் வைரசு மிகக் குறைந்தவரிடமிருந்து துணைவருக்கு நோய் தொற்றவில்லை. மருந்தால் வைரசைக் குறைத்தால் பரவுதலும் குறையும் என்ற பிற்கால முறைக்கு இக்கண்டுபிடிப்பு அடிகோலியது. ஆனால் அதே வேளையில் ஒரு குற்றச்சாட்டும் எழுந்தது. செல்வ நாடுகளிற் கிடைத்த மருந்தைக் கொடாது நோயாளரைப் பார்த்துக்கொண்டிருப்பது முறையோ என்று வைத்திய ஏடுகளிலேயே கேட்டனர். ஆய்வாளர் ஆலோசனையும் ஆணுறையும் இலவசமாக வழங்கினர். மருந்தின் விலையோ அக்கிராமங்களுக்கு எட்டாதது. இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது. எனினும், எண்ணிக்கையாக நின்ற அம்மக்களுட் சிலருக்கு, 2004இல் மருந்து வந்தபோது காலம் கடந்துவிட்டது.

அவ்வாண்டிலேயே, 2000 ஒற்றோபரில், போரால் நலிந்த வடக்கின் குலு நகரில் எபோலா தோன்றியது. லாச்சோர் வைத்தியசாலையின் தாதி மாணவியர் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். மேற்படிப்புக்காகக் கம்பாலாவிலிருந்த வைத்தியர் மத்தியூ லுக்விய அழைக்கப்பட்டுத் திரும்பிவந்து, நோயாளர் பதிவுகளை ஒப்பிட்டு, குருதி கசியும் காய்ச்சல் இது எனத் துணிந்தார். உறுதிப்படுத்த ஆய்வுகூடம் நாட்டில் இல்லை. குருதி தென்னாபிரிக்காவுக்கு விமானத்திற் சென்றது. 425 பேர் நோயுற்று 224 பேர் இறந்தனர். திசெம்பர் 5இல் இறந்த லுக்வியவும் அவர்களுள் ஒருவர். வைரசு ஆராய்ச்சியில் அறுபத்துநான்கு ஆண்டுகள் பழகிய நாட்டில், தன் மக்களின் குருதியைத் தானே சோதிக்க இயலாதிருந்தது.

அக்குறை பின்னர் நீங்கியது. 2010ஆம் ஆண்டளவில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தின் உதவியுடன் என்டெபேயில் அதற்கென ஆய்வுகூடம் அமைந்தது. 2011இல் லுவேரோ மாவட்டத்தில் ஒரேயொரு சிறுமிக்குக் கண்ட எபோலாவை அங்கேயே இனங்கண்டனர். நோய் அவளுக்கப்பால் செல்லவில்லை. 2022 செப்டெம்பர் 20இல் சூடான் வகை எபோலா அறிவிக்கப்பட்டபோது அதற்கு ஏற்புடைய தடுப்பூசி எதுவும் இல்லை. பரிசோதனைக்கான ஊசிமருந்து திசெம்பர் 8இல் வந்து சேர்ந்தது. அதற்குள் நோய் அடங்கிவந்தமையால் ஏற்றுவதற்குரியோர் இல்லாதொழிந்தனர். பின்னர் 2025 சனவரியில் முலாகோ வைத்தியசாலைத் தாதி ஒருவர் அதே நோயால் இறந்தார். 30ஆம் திகதி அறிவிப்பு வெளியாயிற்று. இம்முறை பரிசோதனை மருந்து முன்னரே நாட்டுக்குள் இருந்தது. பெப்ரவரி 3இல், நோயாளரோடு பழகியவர்களுக்கு ஊசி ஏற்றும் சோதனை ஆரம்பமாயிற்று. ஏப்ரில் 26இல் நோய் முடிவுற்றதாக அறிவிக்கப்பட்டது. நோயுற்றோர் சிலராகவே இருந்தமையால், அவ்வூசி எந்த அளவுக்குக் காக்கும் என்பது அப்போது உறுதிப்படவில்லை.