அதட்டலை நிறுத்துங்கள், பயிற்சியைத் தொடங்குங்கள்

பிள்ளை மனம் – 17

சளியே இல்லாமல் ஓயாது தொண்டையைச் செருமும் பிள்ளை, கண்ணை இறுக்கி இறுக்கிச் சிமிட்டும் பிள்ளை, கழுத்தை வெட்டி இழுக்கும் பிள்ளை. இவர்களுக்கு இருப்பது ‘டிக்’ என்கிற நரம்பு சார்ந்த நிலை, சேட்டை அல்ல என்று சென்ற வாரம் பார்த்தோம். பெரும்பாலும் 5 முதல் 7 வயதுக்குள் தொடங்கி, 10, 12 வயதில் உச்சத்துக்குப் போய், பலருக்கு வளர வளரத் தணிந்துவிடும். பல உடல் அசைவுகளோடு குரல் டிக்கும் சேர்ந்து ஓராண்டுக்கு மேல் நீடித்தால் அதை டூரெட் நோய்க்குறி என்கிறோம். 1885-ல் இப்படிப்பட்ட ஒன்பது பேரைப் பற்றி விரிவாக எழுதிய பிரெஞ்சு மருத்துவர் ஜார்ஜ் ஜில் டெ லா டூரெட்டின் பெயர்தான் அது.

இதற்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது நடத்தைப் பயிற்சி. டிக் வருவதற்குச் சற்று முன் உடம்பில் ஓர் உந்துதல் எழும். கொசு கடித்த இடத்தைச் சொறியாமல் இருக்க முடியாத அவஸ்தை போன்றது அது. டிக்கைச் செய்துவிட்டால் ஒரு கணம் நிம்மதி. மறுபடி உந்துதல், மறுபடி டிக். இந்தச் சுழலை உடைப்பதுதான் பயிற்சியின் வேலை.

வழிகள் இரண்டு. ஒன்று, உந்துதல் எழும்போதே டிக்கோடு சேர்ந்து நடக்க முடியாத வேறொரு செயலைச் செய்வது. கழுத்தை வெட்டும் குழந்தை, முகவாயைச் சற்றுத் தாழ்த்திக் கழுத்துத் தசையை மெல்ல இறுக்கிப் பிடிக்கும். 1973-ல் அஸ்ரின், நன் என்ற இரு உளவியலாளர்கள் வகுத்த முறை இது. மற்றொன்று, உந்துதலைப் பொறுத்துக்கொண்டு டிக்கை அடக்கிவைப்பது. இன்று சில விநாடி, நாளை ஒரு நிமிடம், பிறகு பல நிமிடம் என்று நேரத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். அடக்கினால் பிறகு இருமடங்காக வெடிக்கும் என்று பெற்றோர் அஞ்சுவதுண்டு. ஆய்வுகள் அந்த அச்சத்தை உறுதிப்படுத்தவில்லை.

பயிற்சி இருக்கிறது, பயிற்றுவிப்பவர் எங்கே என்பதுதான் நம் ஊர்ச் சிக்கல். டிக்குக்கென்று பயிற்சி பெற்ற உளவியலாளர்கள் பெருநகரங்களிலேயே அரிது. தேவனேரியிலோ கொக்கிலமேட்டிலோ உள்ள ஒரு மீனவக் குடும்பம், மாமல்லபுரத்துச் சிற்பக்கூடத்தில் தினக்கூலிக்கு உளி பிடிக்கும் ஒரு தகப்பன், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல், கூலியை இழந்து, சுமார் 60 கிலோமீட்டர் பஸ்ஸில் சென்னைக்குப் போய்வர வேண்டும். ஒரு நாள் என்றால் சமாளிக்கலாம். இந்தப் பயிற்சியோ எட்டு, பத்து அமர்வு கேட்கிறது.

இங்கிலாந்திலும் இதே தட்டுப்பாடு இருந்தது. நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் ஹாலிஸ் தலைமையில், லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையின் டாரா மர்ஃபியும் சேர்ந்து ‘ஆர்பிட்’ என்ற ஆய்வை நடத்தினார்கள். 9 முதல் 17 வயது வரையிலான 224 பேர் பங்கேற்றார்கள். பாதிப் பேருக்கு அடக்கிப் பழகும் பயிற்சி, மீதிப் பேருக்கு டிக் பற்றிய விளக்கப் பாடம். இரண்டுமே இணையம் வழியாக, வீட்டிலிருந்தே, பத்து வாரம். பிள்ளைக்குத் தனிப் பாடம், பெற்றோருக்குத் தனிப் பாடம். மறுமுனையில் ஒரு சிகிச்சையாளர் செய்தி அனுப்பி ஊக்கப்படுத்துவார், சந்தேகம் தீர்ப்பார்.

2021-ல் ‘லான்செட் சைக்கியாட்ரி’ இதழில் முடிவு வந்தது. 50 புள்ளி அளவுகோலில் பயிற்சி பெற்றவர்களுக்கு டிக்கின் கடுமை 4.5 புள்ளி குறைந்தது, மற்றவர்களுக்கு 1.6. ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் முன்னேற்றம் நிலைத்திருந்தது. ஒரு பிள்ளைக்குச் சிகிச்சையாளர் செலவிட்டது மொத்தம் சுமார் இரண்டரை மணி நேரம்தான்.

இது மாயம் அல்ல. டிக் அடியோடு மறைவதில்லை. ஸ்வீடனில் 221 பேரிடம் நடந்த இதே போன்ற ஆய்வில், நல்ல விளக்கப் பாடம் பெற்றவர்களும் முன்னேறினார்கள். சராசரிக் கடுமையில் இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனாலும் குறிப்பிடத்தக்க பலன் கண்டவர்கள் பயிற்சிப் பிரிவில் 47 சதவீதம், மற்றதில் 29 சதவீதம். இதில் நமக்கு இரண்டு செய்திகள் உள்ளன. பயிற்சி வேலை செய்கிறது. குடும்பத்துக்கு விஷயத்தைப் புரியவைப்பதே பாதி மருந்து.

இதைச் செங்கல்பட்டு மாவட்டத்தில் செய்ய முடியுமா? முடியும் என்றே நம்புகிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில், பல்வகை ஊனமுற்றோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலி மானஸ் எண், 2022 அக்டோபர் முதல் இலவசமாக, தமிழிலும் கிடைக்கிறது. இன்னொன்றும் உண்டு. மனச்சிதைவு நோயாளிகளுக்கு உள்ளூர்ப் பணியாளர்களே பயிற்சி பெற்று வீடு தேடிப் போய் உதவினால் பலன் கிடைக்குமா என்ற ஆய்வு, செங்கல்பட்டு தனியாகப் பிரிவதற்கு முந்தைய காஞ்சிபுரம் மாவட்டத்திலும் நடந்தது. கோவாவும் சதாராவும் மற்ற இரண்டு களங்கள். தமிழகக் களத்தைச் சென்னையின் ‘ஸ்கார்ஃப்’ அமைப்பு கவனித்தது. மருத்துவமனைச் சிகிச்சையோடு இந்த உதவியும் சேர்ந்தால் கூடுதல் பலன் உண்டு என்று 2014-ல் லான்செட் இதழ் வெளியிட்டது. நோய் வேறு. ஆனால் நிபுணர் பின்னால் நின்று வழிநடத்த, ஊர்க்காரர் முன்னால் நின்று செய்யலாம் என்பதற்கு இந்த மண்ணிலேயே சான்று இருக்கிறது.

இனித் தேவை, நம் பிள்ளைகளுக்குப் புரியும் தமிழில், சாதாரண செல்போனில் ஓடும் ஒரு பாடத்திட்டம். அதன் மறுமுனையில், பயிற்சி பெற்ற ஒரு மனிதர். செயலியை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கினால் பிள்ளைகள் பாதியில் விட்டுவிடுவார்கள்.

அது வரும்வரை பெற்றோர் காத்திருக்க வேண்டியதில்லை. டிக்கைச் சுட்டிக்காட்டாதீர்கள், “நிறுத்துடா” என்று அதட்டாதீர்கள். பதற்றமும் களைப்பும் டிக்கைக் கூட்டும். போதுமான தூக்கம் கிடைக்கட்டும். வகுப்பாசிரியரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். டிக் திடீரென்று கடுமையானாலோ, வலி, காயம் உண்டாக்கினாலோ, படிப்பைக் கெடுத்தாலோ மருத்துவரைப் பாருங்கள். தேவைப்படுபவர்களுக்கு மருந்தும் உண்டு. பள்ளி ஆசிரியர்களே, வகுப்பில் செருமும் பிள்ளையை வெளியே நிறுத்தாதீர்கள். அந்தப் பிள்ளை உங்களை அவமதிக்கவில்லை. தன் உடம்போடு போராடிக்கொண்டே பாடமும் கவனிக்கிறது.

(அடுத்த வாரம்: டிக்கும் கவனக்குறைவும் சேர்ந்து வரும்போது)