பெருங்காற்றும் சித்தூர்ச் சீமையும்

புயல் என்பது கடற்கரையோருக்கே உரிய துன்பம் என்று உள்நாட்டில் வாழ்வோர் பலர் எண்ணுகின்றனர். சித்தூர்ப் பகுதியில் இவ்வெண்ணம் வேரூன்றியதற்குக் காரணமும் உண்டு. பழைய சித்தூர் ஜில்லாவுக்குக் கடற்கரையே கிடையாது. 2022 ஏப்ரலில் அமைக்கப்பெற்ற திருப்பதி ஜில்லாவிலோ சூலூர்ப்பேட்டை, தடா முதலிய பழவேற்காட்டு ஏரிப் பகுதிகளும் சேர்ந்துள்ளன. ஆயினும், காற்றினால் விளையும் சேதம் கடலோரத்தோடு நின்றுவிடுவதில்லை.

2023 ஜூலையில், மழையோடு பலத்த காற்று வீசியபோது, திருப்பதி கோவிந்தராஜ சுவாமி கோயிலில் நின்ற பழமையான அரச மரம் சாய்ந்து விழுந்தது. ஒருவர் உயிரிழந்தார், வேறு சிலர் காயமுற்றனர். அந்நாளில் அங்கே புயல் ஏதும் இல்லை என்பது கருதத்தக்கது.

இத்தகைய திடீர்க் காற்று இடிமேகத்திலிருந்து பிறப்பது. உயர்ந்து வளர்ந்த மேகத்தினின்று மழை பொழியும்போது, மழைத்துளிகளின் ஒரு பகுதி ஆவியாகிச் சுற்றியுள்ள காற்றைக் குளிரச் செய்கிறது. குளிர்ந்த காற்று கனமுடையதாகையால் வேகமாகக் கீழிறங்கித் தரையில் மோதி நாற்புறமும் பாய்கிறது. காற்றின் வேகம் திடீரென விநாடிக்கு 8 மீட்டரேனும் கூடி, 11 மீட்டருக்குக் குறையாத நிலையை எட்டி, ஒரு நிமிஷமாவது நீடித்தால் வானிலை நூலார் அதனைச் சூறைக்காற்று என்பர். சித்தூர் மாந்தோப்புக்காரர்கள் சித்திரை, வைகாசியில் அஞ்சுவது இதற்கே. முதிராத காய்களை அரை மணி நேரத்தில் தரையில் உதிர்த்துவிட்டு வானம் தெளிந்துவிடும்.

காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் அழுத்தமும் இரு மடங்காகும் என்று பலர் நினைக்கின்றனர். உண்மையில் அது நான்கு மடங்காகிறது. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று, தன்னை நேரே எதிர்க்கும் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 6 கிலோகிராம் எடையளவு அழுத்துகிறது. 72 கிலோமீட்டரில் இது 24 ஆகிறது. 108 கிலோமீட்டரில் 55 ஆகிறது. இரண்டு சதுர மீட்டர்ப் பரப்புள்ள பள்ளிக் கதவொன்றின் மீது இந்த மூன்றாவது வேகத்தில் விழும் பாரம் 110 கிலோகிராம். அதனைச் சிறுவர்கள் கையால் தாங்கிப் பிடிக்கும்படி விடுவது எவ்வளவு அபாயகரமானது என்பதை ஆசிரியர்கள் இக்கணக்கிலிருந்தே உணரலாம்.

கூரையின் நிலை இன்னும் வேறு. காற்று கூரையைக் கீழே அமுக்குவதைவிட மேலே இழுப்பதே பெரும்பாலும் சேதத்துக்குக் காரணம். கூரையின் விளிம்புகளிலும் முகட்டிலும் இந்த இழுப்பு மிகும். காற்று வரும் திசையிலுள்ள கதவோ சன்னலோ திறந்து கொண்டால், உள்ளே புகும் காற்றும் கூரையைக் கீழிருந்து தள்ளும். சன்னல்களைத் திறந்து வைத்தால் வீடு தப்பும் என்ற பழைய நம்பிக்கை ஆகவே பிழையானது. தகரத் தகடுகளின் மேல் கல்லையும் மூட்டையையும் வைத்து நிறுத்தும் வழக்கமும் நன்றன்று. தகடு பறக்கும்போது கல்லும் விழும். விளிம்போரங்களில் கொக்கி ஆணிகளை நெருக்கமாக இட்டு, தகட்டைச் சட்டத்தோடும் சட்டத்தைச் சுவரோடும் பிணைத்தல் வேண்டும்.

மழையில் ஊறிய மண் வேரின் பிடியைத் தளர்த்திவிடுகிறது. உள்ளே உளுத்த பழமரம் வெளித்தோற்றத்தில் பசுமையாகவே நிற்கக்கூடும். மரத்தடி, விளம்பரப் பலகை, துணையின்றி நிற்கும் மதில் ஆகியவற்றின் அருகே ஒதுங்குவது தவறு. அறுந்த மின்கம்பி அசைவற்றுக் கிடந்தாலும் அதில் மின்சாரம் இருப்பதாகவே கொண்டு, பிறரையும் அணுகவிடாமல் மின்சார அலுவலகத்துக்கு அறிவித்தல் கடமை.

2016 டிசம்பர் 12 அன்று சென்னையருகே கரையேறிய வர்தா புயல், வலுவிழந்தவாறே மேற்கு நோக்கி உள்நாட்டினுள் சென்றது. புயலின் மையம் கடக்கும் இடத்தில் காற்று திடீரென ஓய்ந்துவிடும். புயல் முடிந்ததென்று மக்கள் வெளியே வருவர். சிறிது நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து காற்று மீண்டும் தாக்கும். முதல் காற்றில் ஆட்டங்கண்ட மரங்கள் அப்போது விழும்.

இந்திய வானிலை இலாகா புயல் எச்சரிக்கையை நான்கு படிகளாக வெளியிடுகிறது. முதலாவது 72 மணி நேரத்துக்கு முன்னரும், அடுத்தவை 48, 24 மணி நேரத்துக்கு முன்னரும் வருவன. நான்காவது, கரையேறுவதற்குக் குறைந்தது 12 மணி நேரத்துக்கு முன் வருவது. புயல் உள்நாட்டில் எவ்வழியே செல்லும் என்பதை அது கூறும். சித்தூர், திருப்பதி ஜில்லாக்களின் களப்பணியாளர்கள் தவறாது கவனிக்க வேண்டியது இந்த நான்காவதையே. அதைக் கடலோர ஜில்லாக்களுக்குரியதென்று ஒதுக்கிவிடும் அலுவலகங்கள் இல்லாமலில்லை.

காற்றை ஆராயும் சிறந்த நிலையமொன்று இப்பகுதியிலேயே இருப்பதைப் பலர் அறியார். திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் வழியில் காதங்கியிலுள்ள தேசிய வாயுமண்டல ஆராய்ச்சிக் கூடத்தில் 1,024 ஆண்டெனாக்கள் கொண்ட ராடார் ஒன்று உள்ளது. அது 53 மெகாஹெர்ட்ஸ் வானொலி அலைகளை மேல்நோக்கி அனுப்புகிறது. காற்றின் கொந்தளிப்பால் திரும்பி வரும் மிக நலிந்த எதிரொலியின் அதிர்வெண் மாற்றத்திலிருந்து அந்தந்த உயரத்துக் காற்றின் வேகம் கணிக்கப்படுகிறது. தென்மேற்குப் பருவத்தில், ஏறக்குறைய 16 கிலோமீட்டர் உயரத்தில், கீழ்த்திசையிலிருந்து புயலை ஒத்த வேகத்துடன் ஒரு காற்றோட்டம் தீபகற்பத்தின் மீது பாய்கிறது. இதனை 1958-இல் விளக்கியுரைத்தவர் பி. கோட்டீசுவரம். தலைக்கு மேல் அவ்வளவு வேகமாகக் காற்று ஓடும்போது கீழே வேப்பிலையும் அசையாதிருக்கலாம்.

கருவியில்லாத பள்ளியும் காற்றை அளக்கலாம். 1805-இல் பியூஃபோர்ட் என்னும் ஆங்கிலக் கடற்படை அதிகாரி வகுத்த அளவுமுறை பின்னர் தரைக்கும் ஏற்றவாறு விரிக்கப்பட்டது. அதன்படி, குடை பிடிப்பது கடினமானால் வேகம் மணிக்கு 39 முதல் 49 கிலோமீட்டர். முழு மரங்களும் ஆடி, எதிர்த்து நடப்பது சிரமமானால் 50 முதல் 61. சிறு கிளைகள் ஒடிந்தால் 62-க்கு மேல். இரண்டாவது அடையாளம் கண்ணிற்பட்டவுடன் விளையாட்டு மைதானத்திலுள்ள பிள்ளைகளை உறுதியான கட்டடத்துள் அழைத்துக் கொள்ளவேண்டும். மூன்றாவதற்குக் காத்திருத்தல் கூடாது.