மரத்தை விட்டு இறங்கிய மலர்கள்

டார்ஜிலிங் கடைவீதியிலிருந்து சரிவில் சிறிது தூரம் இறங்கினால் ஜீப்புகளின் ஹாரன் சத்தம் அடங்கிவிடுகிறது. லாயிட் தாவரவியல் பூங்கா: வில்லியம் லாயிட் என்பவர் கொடுத்த 40 ஏக்கர் நிலத்தில் 1878-ல் உருவானது. ஏப்ரலில் இங்கு வருகிறவர்கள் தேடிப் போவது ஆர்க்கிட் வீட்டைத்தான். ஊட்டி மலர்க் கண்காட்சியின் ஆரவாரத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமே. ஈரப் பாசி வாசனை, தொங்கும் சட்டிகள், அவற்றுக்கிடையே பூக்கள். அவ்வளவுதான்.

ஆனால் என்ன பூக்கள்! டென்ட்ரோபியம் நோபைலின் வெள்ளை இதழ்களில் நுனி மட்டும் ஊதாவில் தோய்ந்திருக்கிறது. நடுவில் கருஞ்சிவப்புப் பொட்டு. பக்கத்துச் சிக்கிமின் மாநில மலர் இது. அருகே பனி வெள்ளையில் சிலோகைன் கிரிஸ்டாட்டா, தொண்டையில் மட்டும் மஞ்சள் கோடுகளோடு.

"புல்லுருவிதானே இதெல்லாம்?" என்று கூட வந்த நண்பர் கேட்டார். பலருக்கும் உள்ள சந்தேகம். இல்லை. மரம் இவற்றுக்கு வெறும் திண்ணை. வேரைப் போர்த்தியிருக்கும் பஞ்சு போன்ற உறை மழையையும் பனிமூட்டத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது. மரத்திடம் எதையும் திருடுவதில்லை. விதையின் பாடுதான் பரிதாபம். தூசியை ஒத்த அந்த விதைக்குள் சேமித்த உணவே கிடையாது. குறிப்பிட்ட பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும். சர்க்கரை கலந்த கூழிலும் முளைக்க வைக்கலாம் என்று அமெரிக்கரான லூயிஸ் நட்சன் 1922-ல் காட்டிய பிறகே, பூஞ்சையின் தயவில்லாமல் ஆய்வுக்கூடப் புட்டிகளில் நாற்று வளர்ப்பது சாத்தியமாயிற்று. அப்போதும் பூக்கச் சில வருடங்கள் ஆகும்.

பிடுங்குவதற்கோ ஒரு நிமிடம் போதும். டார்ஜிலிங்கில் தங்கி இமயத் தாவரங்களை ஆராய்ந்த ஜோசப் ஹூக்கர் 1850-ல் காசி மலைக்குப் போனார். அங்கே நீல வாண்டா ஆர்க்கிட்டை ஏழு ஆள் சுமை அளவுக்குச் சேகரித்து லண்டனிலுள்ள கியூ தோட்டத்துக்கு அனுப்பினார். உயிரோடு போய்ச் சேர்ந்தவை சிலவே. இதை ஒளிக்காமல் எழுதியவரும் அவரேதான். இன்னொருவர் அனுப்பிய ஒரே ஒரு சுமை, வாடிய நிலையிலும் 300 பவுனுக்கு விலைபோனது என்று சேர்த்துக்கொள்கிறார். ஆசை பிறக்க அது போதாதா? நீல வாண்டா இன்று சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது.

ஹூக்கரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பல வருடங்களுக்கு முன் வேறொரு மலை ஊர்ச் சந்தையில், பாசியில் சுற்றிய ஆர்க்கிட் ஒன்றை வாங்கி வந்தேன். சென்னை பால்கனியில் ஒரு கோடையைக்கூட அது தாண்டவில்லை. அதன் வேரில் மரப்பட்டை ஒட்டியிருந்ததன் அர்த்தம் அப்போது எனக்குத் தெரியாது. நாற்றுப் பண்ணைச் செடியின் வேர் முழுதாக, சுத்தமாக இருக்கும். காட்டிலிருந்து பிய்த்த செடியிலோ அறுந்த வேர்களும் பட்டைத் துணுக்குகளும் பூச்சி கடித்த இலைகளும் இருக்கும்.

திரும்பும் வழியில் சாக்கு விரித்து ஒரு பெண்மணி சில செடிகளை வைத்திருந்தார். ஒன்றை எடுத்துத் திருப்பினேன். வேரோடு உள்ளங்கை அகலத்துக்குப் பட்டை. இருந்த இடத்திலேயே வைத்தேன். விலைதான் காரணம் என்று நினைத்தாரோ என்னவோ, அவர் பாதியாகக் குறைத்தார்.