டிடா டாடா டாடா டிடா

அஞ்சறைப் பெட்டியில் கடுகும் சீரகமும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். பிரியாணிக்கு மட்டும் எடுக்கும் அன்னாசிப்பூ மேல்தட்டு டப்பா ஒன்றில் கிடக்கும். சாமுவேல் மோர்ஸும் அவருடைய கூட்டாளி ஆல்ஃபிரட் வெயிலும் தந்திக்கான மோர்ஸ் குறியீட்டில் எழுத்துகளுக்கு இடம் ஒதுக்கியதும் இந்தக் கணக்கில்தான். ஆங்கிலத்தில் ஓயாமல் வரும் ‘இ’ எழுத்துக்கு ஒரே ஒரு புள்ளி. ‘டைம்’ என்ற சொல்லின் முதலெழுத்துக்கு ஒரே ஒரு கோடு. எப்போதாவது தலைகாட்டும் ‘கியூ’வுக்கு இன்றைய முறையில் கோடு, கோடு, புள்ளி, கோடு. அவர்களுடைய குறியீட்டில்தான் 1844 மே 24 அன்று வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குத் தந்தி போனது.

அடுத்தது அளவு. குக்கரில் ஒரு டம்ளர் அரிசிக்கு மூன்று டம்ளர் தண்ணீர் வைக்கிறோம். டம்ளர் சின்னதா பெரிதா என்பது பொருட்டல்ல, விகிதம்தான் முக்கியம். புள்ளி ஒரு டம்ளர் நேரம் ஒலித்தால் கோடு மூன்று டம்ளர் நேரம் ஒலிக்கும். வேகமாக அனுப்புகிறவரிடம் இருப்பது சின்ன டம்ளர், அவ்வளவுதான்.

கற்றுக்கொள்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் மௌனத்தில். அதையும் இதே டம்ளரால் அளக்க வேண்டும். ஓர் எழுத்துக்குள் புள்ளி கோடுகளுக்கு நடுவே ஒன்று, எழுத்துகளுக்கு நடுவே மூன்று, சொற்களுக்கு நடுவே ஏழு. கல்லில் இடைவெளி விடாமல் ஊற்றிய குட்டித் தோசைகள் ஒட்டி ஒரே தோசையாகிவிடுமே, எழுத்துகளுக்கும் அதே கதிதான்.

‘அம்மா’வை அனுப்பிப் பார்ப்போம். ஆங்கில எழுத்தில் ஏ, எம், எம், ஏ. ‘ஏ’ என்பது புள்ளி, கோடு. ‘எம்’ என்பது கோடு, கோடு. அமெச்சூர் (ஹாம்) வானொலிக்காரர்கள் புள்ளியை ‘டி’ என்றும் கோட்டை ‘டா’ என்றும் வாயால் சொல்லிப் பழகுவார்கள்: டிடா, டாடா, டாடா, டிடா. மொத்தம் 33 டம்ளர் நேரம். அதில் 20 ஒலி, 13 மௌனம். நிமிடத்துக்கு 20 சொல் என்ற வேகத்தில் ‘அம்மா’ போய்ச்சேர சுமார் 2 வினாடி ஆகும். ‘எம்’மின் இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒன்றுக்குப் பதில் மூன்று டம்ளர் மௌனம் விட்டால் ‘எம்’ போய்விடும், ‘டைம்’ எழுத்து இரண்டு முறை வந்து நிற்கும்.

இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றுவிட்டது. ஹாம் வானொலியில் மோர்ஸ் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. கற்க ஆசையிருந்தால் அட்டவணையை வைத்துப் புள்ளி எண்ணாதீர்கள், அதில் வேகம் வராது. காதால் பழகுங்கள். முதலில் உங்கள் பெயரை வாயால் சொல்லிப் பாருங்கள்.