குடை விளம்பரமும் படிப்பு விளம்பரமும்

கேரள நாட்டில் மழையும் பள்ளிக்கூடமும் கைகோத்துக்கொண்டு வருவன. தென்மேற்குப் பருவமழை இங்கே தொடங்குவதற்குரிய நாள் ஜூன் 1 என்பது வானிலைத் துறையாரின் கணக்கு. கோடை விடுமுறை கழிந்து பள்ளிகள் திறப்பதும் வழக்கமாக அந்நாளையொட்டியே. ஆகவே, பொன்முடி மலையில் மூடுபனி படியும் தேயிலைச் சரிவில் வாழும் தமிழ்க் குடும்பமாயினும், திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் வணிகம் நடத்தும் தமிழ்க் குடும்பமாயினும், மே மாதத்து இறுதி வாரத்தில் ஒரே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கும். குடைக்கு எவ்வளவு? பைக்கு எவ்வளவு? நோட்டுப் புத்தகங்களுக்கு எவ்வளவு?

இந்தக் கணக்கினிடையே வேறொரு குரலும் வீட்டினுள் நுழைகின்றது. அது விளம்பரத்தின் குரல். அது தந்தையிடமோ தாயிடமோ பேசுவதில்லை. பையனிடமும் பெண்ணிடமும் பேசுகின்றது. உப்பையும் புளியையும் வேண்டுபவரும் விலை கொடுப்பவரும் ஒருவரே. மாணவருக்குரிய பொருளிலோ, வேண்டுபவர் ஒருவர், விலை கொடுப்பவர் மற்றொருவர். இவ்விருவருக்கும் இடையே உள்ள இடைவெளியில்தான் மாணவரை நோக்கிய விளம்பரக் கலை முழுவதும் குடிகொண்டிருக்கின்றது. அக்கலை நல்லதா, தீயதா என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறிவிட இயலாது. இரண்டும் உண்டு. அவற்றைப் பிரித்தறியும் வழி யாது என்பதே இக்கட்டுரையில் ஆராயப் புகுந்த பொருள்.

குடை கற்பித்த பாடம்

முதலில் நம் கண்முன் உள்ள நல்ல எடுத்துக்காட்டு ஒன்றைக் காண்போம். ஆலப்புழை நகரில் 1954-ஆம் ஆண்டில் ‘செயின்ட் ஜார்ஜ்’ என்னும் பெயரால் குடைத் தொழில் ஒன்று தொடங்கப்பெற்றது. அதனைத் தொடங்கியவரை மக்கள் ‘குடை வாவச்சன்’ என்றே அன்புடன் அழைத்தனர். 1995-இல் அக்குடும்பத் தொழில் ‘பாப்பி’, ‘ஜான்ஸ்’ என இரண்டாகக் கிளைத்தது. அதன்பின் இவ்விரு பெயர்களும் பள்ளி திறக்கும் பருவத்தில் கேரளமெங்கும் போட்டியிட்டு ஒலித்தன. மலையாளம் அறியாத நம் வீட்டுச் சிறுவரும் அவ்விளம்பரப் பாட்டுகளை முணுமுணுத்ததை நம்மில் பலர் அறிவோம்.

அவ்விளம்பரங்கள் வெற்றி பெற்றதன் காரணம் யாது? பெரியவருக்குக் குடை ஒரு கருவி. சிறுவருக்கோ அது விளையாட்டுத் தோழன். இந்த உண்மையை அவர்கள் கண்டுகொண்டனர். நிறத்தாலும் படத்தாலும் பாட்டாலும் அதனைப் பேசவைத்தனர். மழையைத் தொல்லையாகக் காட்டாது கொண்டாட்டமாகக் காட்டினர். காலத்தையும் தவறாமல் தேர்ந்தனர். குடை தேவைப்படும் வாரத்தில் குடையைப் பற்றிப் பேசினர். கேட்போனை அறிதல், ஒரே செய்தியைச் சொல்லுதல், தக்க காலத்தில் சொல்லுதல் ஆகிய மூன்றுமே மாணவரைக் கவரும் விளம்பரத்திற்கு அடிப்படையாம்.

எனினும் இவற்றினும் பெரிதான காரணம் ஒன்று உண்டு. குடை விளம்பரம் பொய் சொன்னால் அப்பொய் ஒரு வாரம்கூட நிலைக்காது. பொன்முடிக் காற்றில் கம்பி மடங்கினால், துணி ஒழுகினால், ஜூன் மாதம் முடிவதற்குள் ஊருக்கே செய்தி தெரிந்துவிடும். குடை விளம்பரத்திற்கு மழையே தேர்வாளர். அத்தேர்வாளர் தாமதிப்பதுமில்லை, கைக்கூலி பெறுவதுமில்லை. நட்டம் நேரினும் அது ஒரு குடையின் விலையோடு போயிற்று.

வாங்காதவர்க்கும் பயன்

மற்றொரு வகை விளம்பரமும் எண்ணத்தக்கது. 1972-ஆம் ஆண்டில் போர்ன்விட்டா பானத்தார் மாணவர்க்காக வினாடி வினாப் போட்டி ஒன்றைத் தொடங்கினர். மேடையில் தோன்றிய அப்போட்டி வானொலியில் வளர்ந்து, பின்னர்த் தொலைக்காட்சிக்கும் சென்றது. அப்பானத்தை ஒருநாளும் அருந்தாத சிறுவன்கூட வானொலிப் பெட்டியருகே அமர்ந்து பத்துச் செய்திகளைக் கற்றுக்கொள்ள முடிந்தது. வாங்காதவர்க்கும் ஒரு பயனை விட்டுச் செல்லும் விளம்பரம் மாணவரை மதிக்கும் விளம்பரமாகும்.

ஆயினும் போட்டியின் சிறப்பு பானத்தின் சிறப்பாகிவிடாது. 2024 ஏப்ரலில் இந்திய அரசின் வணிக அமைச்சகம், இத்தகைய பானங்களை ‘ஆரோக்கிய பானம்’ என்னும் தலைப்பின்கீழ் விற்கலாகாது என்று இணைய வணிக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. உணவுச் சட்டத்தில் அப்படியொரு வகையே வரையறுக்கப்படவில்லை என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். நிகழ்ச்சியைப் பாராட்டுக, பொருளைத் தனியே சோதித்தறிக.

படிப்பு குடையன்று

இனிப் பேச வேண்டுவது கல்வி விளம்பரம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில் சாலையோரப் பலகைகளைப் பாருங்கள். வெற்றி பெற்ற மாணவரின் முகங்கள் வரிசை வரிசையாகச் சிரிக்கின்றன. ‘நூற்றுக்கு நூறு வேலை’, ‘இன்னும் சில இடங்களே உள்ளன’, ‘இன்றே சேர்க’ என்னும் சொற்கள் கண்ணைப் பறிக்கின்றன. கைப்பேசியைத் திறந்தால் அங்கும் அவையே.

குடையை ஜூன் மாதமே சோதித்துவிடும். படிப்பைச் சோதிப்பதற்கோ மூன்று ஆண்டுகளோ நான்கு ஆண்டுகளோ கழிய வேண்டும். அதற்குள் கட்டணம் செலுத்தப்பட்டிருக்கும், கடன் வாங்கப்பட்டிருக்கும், தாயின் கழுத்தணி அடகுக் கடைக்குச் சென்றிருக்கும். பொய் வெளிப்படும் நாளில் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் பிள்ளையின் வயதைத் திருப்பிக் கொடுப்பவர் எவர்? தோட்டத்து லயத்தில் வாழும் குடும்பத்திற்கு அது ஒரு தலைமுறையின் வாய்ப்பு. அதனாலேயே கல்வி விளம்பரத்தைக் குடை விளம்பரம்போல் எளிதாக எடுத்துக்கொள்ளலாகாது.

புகழும் தரமும் வேறு வேறு என்பதைக் கேரளத்தில் பிறந்தவர் ஒருவர் நிறுவிய ‘பைஜூஸ்’ நிறுவனத்தின் வரலாறு காட்டுகின்றது. கண்ணூர்ப் பகுதியைச் சேர்ந்த பைஜூ இரவீந்திரன் என்னும் ஆசிரியரின் திறமையான வகுப்புகளிலிருந்து வளர்ந்த அந்நிறுவனம் 2015-இல் கைப்பேசிச் செயலியை வெளியிட்டது. 2019-இல் இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையில் அதன் பெயர் ஏறியது. 2022-இல் கத்தார் நாட்டில் நடந்த உலகக் கால்பந்துப் போட்டியிலும் அதன் விளம்பரம் மின்னியது. ஆனால் 2024 ஜூலையில், கிரிக்கெட் வாரியத்திற்குச் சேர வேண்டிய சுமார் 158 கோடி ரூபாய் பாக்கிக்காக அந்நிறுவனத்தின்மீது திவால் நடவடிக்கை தொடங்க நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. பாடம் யாது? ஆட்டக்காரரின் சட்டையில் பொறித்த பெயர், விளம்பரத்தின் அளவைக் காட்டுமேயன்றிப் பாடத்தின் தரத்தைக் காட்டாது. நிறுவனத்தின் நிலைபேற்றுக்கும் உறுதி கூறாது.

சட்டம் நமக்களித்த கேடயம்

இத்துறையில் சட்டம் வாளாவிருக்கவில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் அமைக்கப்பெற்றது. மயக்கும் விளம்பரம் செய்வோருக்கு 10 இலட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் அக்குற்றம் செய்வோருக்கு 50 இலட்சம் ரூபாய் வரையிலும் தண்டம் விதிக்க அதற்கு அதிகாரம் உண்டு.

2022 ஜூனில் அவ்வாணையம் வெளியிட்ட விதிகள் சிறுவரை நோக்கிய விளம்பரங்களைப் பற்றித் தனியே பேசுகின்றன. ‘இதை வாங்கு’ என்றோ, ‘பெற்றோரை வாங்கச் சொல்’ என்றோ சிறுவரை நேரே தூண்டலாகாது. இப்பொருள் இல்லாவிடில் பிறர் நகைப்பர், நீ தாழ்ந்தவனாவாய் என்னும் எண்ணத்தை உண்டாக்கலாகாது. சிறுவரின் அனுபவமின்மையையும் எளிதில் நம்பும் இயல்பையும் பயன்படுத்திக்கொள்ளலாகாது. இன்னொரு விதி புலம்பெயர்ந்து வாழும் நமக்கு மிகவும் வேண்டுவது. விளம்பரத்தின் கூற்று எம்மொழியில் உள்ளதோ, அக்கூற்றுக்குரிய வரம்புக் குறிப்பும் அம்மொழியிலேயே இருத்தல் வேண்டும். வாக்குறுதியைத் தமிழில் பெரிதாகக் கூறி, நிபந்தனையை வேறொரு மொழியில் பொடி எழுத்தில் ஒளித்து வைப்பது விதிக்கு மாறானது.

2024 நவம்பரில் பயிற்சி நிலையங்களுக்கென்றே தனி விதிகள் வந்தன. அவற்றின்படி, வெற்றி பெற்ற மாணவரின் பெயரையும் படத்தையும் அவருடைய எழுத்துமூலமான இசைவின்றி வெளியிடலாகாது. அவ்விசைவும் அவர் தேர்ச்சி பெற்ற பின்னரே பெறப்பட வேண்டும். அவர் பயின்ற பாடம் எது, எத்தனை காலம் பயின்றார், கட்டணம் செலுத்திப் பயின்றாரா என்பனவும் குறிக்கப்பட வேண்டும். இல்லாத நெருக்கடியை உண்டாக்கி மாணவரை விரைவுபடுத்துவதும் தவறு. இவ்விதிகளுக்குக் காரணமின்றில்லை. குடிமைப் பணித் தேர்வில் வென்றவர் பலரின் படங்களைச் சில நிலையங்கள் வெளியிட்டன. ஆணையம் ஆராய்ந்தபோது, அவர்களுள் பலர் நேர்முகத் தேர்வுக்கான இலவச வழிகாட்டலை மட்டுமே அங்குப் பெற்றிருந்தமை வெளிப்பட்டது.

ஐயமோ குறையோ உள்ளவர் தேசிய நுகர்வோர் உதவி எண்ணாகிய 1915-ஐ அழைக்கலாம். பட்டம் வழங்க உரிமையற்ற போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலைப் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்டு வருகின்றது. உயர்கல்வி நிறுவனங்கள் மாணவரின் மூலச் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளலாகாது என்றும் அக்குழு 2018-இல் அறிவித்துள்ளது. சான்றிதழை முதலில் ஒப்படைக்கச் சொல்லும் தரகரிடம் இதனை நினைவூட்டுங்கள்.

மலையடிவாரத்தில் ஓர் அமைதி

பொன்முடிக்குச் செல்லும் 22 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிக் கல்லாற்றைக் கடந்து விதுரைக்கு வருவோர் அங்கே ஓர் உயர்ந்த நிறுவனத்தைக் காணலாம். இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம், அதாவது ‘ஐசர்’, 2008-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பெற்றுப் பின்னர் இம்மலையடிவாரத்தில் நிலைகொண்டது. நாட்டில் உள்ள ஏழு ஐசர் நிறுவனங்களுள் இது ஒன்று. பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பயின்றோர் ஒரு பொதுத் தகுதித் தேர்வின் வழியே இதில் சேரலாம். ஐந்தாண்டுகளில் இளநிலை, முதுநிலை ஆகிய இரு பட்டங்களையும் பெறலாம்.

இந்நிறுவனம் சந்திதோறும் நடிகரின் படத்தை நாட்டுவதில்லை. ஆண்டுதோறும் தேர்வு அறிவிப்பு ஒன்று வருகின்றது, அறிந்தவர் விண்ணப்பிக்கின்றனர். மேலே தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் சிறுமிக்கு அது தனக்கும் திறந்த வாயில் என்று சொல்வார் யார்? அதுபோலவே, கொரோனாக் காலத்தில் 2020 ஜூன் 1 முதல் கேரள அரசு ‘விக்டர்ஸ்’ தொலைக்காட்சி வழியே பாடங்களைக் கட்டணமின்றி வழங்கியது. கட்டணமின்றிக் கிடைப்பவை உரத்துப் பேசுவதில்லை. விற்பனைக்கு வந்தவையே உரத்துப் பேசுகின்றன. பொய் விளம்பரம் அழகாக இருப்பது ஒரு கேடு. மெய்யான அறிவிப்பு அழகின்றி, மொழியின்றி, வந்து சேராமலே கிடப்பது அதனினும் பெருங்கேடு.

நாமே எழுதும் விளம்பரம்

ஆகவே விளம்பரக் கலையை வெறுத்து ஒதுக்குவதால் பயனில்லை. அதனை நம் கையில் எடுத்துக்கொள்ளல் வேண்டும். மாலை வகுப்பு, கல்வி உதவித்தொகை, நுழைவுத் தேர்வு ஆகியவற்றைப் பற்றி ஒரு சங்கம் ஒட்டும் சுவரொட்டியும் விளம்பரமே. கடை வைத்திருக்கும் நம்மவர் பள்ளிப் பொருள்களுக்கு அச்சிடும் துண்டுப் பிரசுரமும் அத்தகையதே. அவற்றை எழுதுவோர் சிலவற்றைக் கருத்தில் கொள்க.

ஒரு தாளில் ஒரே செய்தி இருக்கட்டும். பத்துச் செய்திகளைத் திணித்தால் பதினொன்றாவதாக அத்தாளே கண்ணில் படாது போகும். மாணவன் முதலில் கேட்கும் வினா ‘இதனால் எனக்கென்ன?’ என்பது, அதற்குரிய விடையை முதல் வரியிலேயே தருக. பெற்றோர் கேட்கும் வினா ‘எவ்வளவு ஆகும்?’ என்பது, தொகையை ஒளிக்காது இலக்கத்தில் எழுதுக. கடைசி நாள் உண்மையாயின் அதனைத் தெளிவாகக் குறிக்க. பொய்யான அவசரம் வேண்டா. வீட்டில் தாய் படிக்கத் தமிழும், பள்ளியில் பிள்ளை படிக்க மலையாளமும் இரு பத்திகளாக அமையட்டும். தோல்வியைச் சுட்டி நாணமுறச் செய்யாது, முயற்சியைச் சுட்டி ஊக்குவியுங்கள். பேருந்து நிறுத்தத்திலும் மருந்தகத்திலும் தேயிலை எடை போடும் இடத்திலும் ஒட்டுங்கள். எல்லாவற்றினும் மேலாக, அத்தாளைப் பத்தாம் வகுப்பு மாணவரைக் கொண்டே எழுதச் செய்யுங்கள். மாணவர் உள்ளம் மாணவர்க்கே நன்கு விளங்கும். அன்றியும், விளம்பரம் எழுதக் கற்ற பிள்ளையைப் பிறர் விளம்பரம் எளிதில் ஏமாற்றிவிட முடியாது.

வரும் மே மாதத்தில் வீட்டுக் கணக்கை எழுத உட்காரும்போது ஒரு சிறு வழக்கத்தை மேற்கொள்வோம். பிள்ளை விரும்பும் ஒவ்வொரு விளம்பரத்தையும் எடுத்து வைத்து, அவனுடனும் அவளுடனும் சேர்ந்தே ஒரு வினாவைக் கேட்போம்: “இவர் சொல்வது மெய்யா என்று நமக்கு எந்நாளில் தெரியவரும்?” ஜூன் மாத மழையிலேயே தெரியுமாயின் மனமகிழ்ந்து வாங்கிக் கொடுங்கள், குழந்தை பாட்டுப் பாடிக்கொண்டே பள்ளி செல்லட்டும். நான்கு ஆண்டுகள் கழித்தே தெரியுமாயின் கையொப்பமிடுமுன் நான்கு பேரைக் கேளுங்கள். அங்கே படித்து வெளிவந்தவர் ஒருவரையேனும் நேரில் கண்டு பேசுங்கள். குடை நனையாமல் காக்கும். இவ்வினா நம் குடியைக் காக்கும்.