பாறைக்குழம்பைத் தொட்ட துளை



பூமியின் உள்வெப்பத்தைப் பற்றி வகுப்பில் நான் பேசும்போதெல்லாம், எவரேனும் ஒரு மாணவர் எழுந்து, "நிலத்துக்குள் இத்தனை வெப்பம் இருக்குமானால், ஆழத் துளையிட்டு அதை எடுத்துக்கொள்ளலாமே! நிலக்கரியை ஏன் எரிக்க வேண்டும்?" என்று கேட்பதுண்டு. நல்ல கேள்விதான். விடையாக, ஐஸ்லாந்து நாட்டில் இடப்பட்ட துளையொன்றின் கதையைச் சொல்லுவேன்.

சாதாரண நிலத்தில் ஒரு கிலோமீட்டர் ஆழத்திற்குச் சுமார் 25 முதல் 30 டிகிரி வரை வெப்பம் ஏறும். எரிமலைப் பகுதிகளிலோ அது மிக விரைவாக ஏறும். ஐஸ்லாந்தின் வடகிழக்கிலுள்ள கிராஃப்லா அத்தகைய இடம். நிலத்தடி நீராவியைக் குழாய்வழி மேலே கொணர்ந்து, சுழலிகளை இயக்கி மின்சாரம் எடுக்கும் நிலையம் அங்கே உண்டு.

4 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமாக ஒரு துளையிட அங்கே முனைந்தார்கள். அவ்வளவு ஆழத்து ஆவி கிடைத்தால், ஒரே கிணறு பல கிணறுகளின் வேலையைச் செய்யுமல்லவா? ஆனால் 2009-ஆம் ஆண்டில், சுமார் 2,100 மீட்டரிலேயே துளைக்கருவி சிக்கிக்கொண்டது. பக்கவாட்டில் திருப்பித் துளைத்தார்கள், மீண்டும் சிக்கிற்று. இறுதியில் மேலே வந்த துகள்களைப் பார்த்தால், அவை கண்ணாடி! உருகிய பாறைக்குழம்பு, துளைக்குள் செலுத்திய குளிர்நீர் பட்டு உறைந்து கண்ணாடியாகிவிட்டிருந்தது. ஏறத்தாழ 900 டிகிரி வெப்பமுள்ள குழம்பினுள்ளேயே கருவி புகுந்திருந்தது. அக்குழம்பு அங்கிருப்பதை முன்னர் நடத்திய ஆய்வுகள் காட்டவில்லை.

அஞ்சி அத்துளையைக் கைவிட்டார்களில்லை. சோதனையில் அதன் வாயில் 450 டிகிரி வெப்பத்துடன் ஆவி சீறி வந்தது. 30 மெகாவாட்டுக்கு மேல் மின்சாரம் தரலாம் எனக் கணக்கிட்டார்கள். ஆயின் அவ்வாவியில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்திருந்தது. ஆவி குளிர்ந்து நீராகும் இடத்திலெல்லாம் அது எஃகை அரித்துவிடும். 2012-இல் தலைவால்வு பழுதுற்றது. வேறு வழியின்றிக் குளிர்நீரைக் கொட்டிக் கிணற்றை அடக்கினார்கள். என் இளமையில், எரியும் அரிக்கன் விளக்கின் சிம்னிமீது ஒரு நீர்த்துளி தெறித்தால் போதும், படீரென்று விரிசல் கண்டுவிடும். இங்கும் அதே இயற்கை விதிதான்: காய்ந்திருந்த உறைக்குழாய் திடீரெனச் சுருங்கிச் சிதைந்தது. கிணறு பயனற்றுப் போயிற்று.

ஆகவே அந்த மாணவருக்கு என் விடை இதுதான்: வெப்பம் உண்டு, அதைத் தாங்கும் குழாய்தான் இல்லை. 2017-இல் ரேய்க்யானெஸ் என்னுமிடத்தில் 4,659 மீட்டர் வரை சென்ற மற்றொரு துளையிலும் உறைக்குழாயே பழுதுற்றது. அதன் பொருட்டே, வெப்பத்தில் நீளவும் குளிரில் சுருங்கவும் சிறிது இடங்கொடுக்கும் குழாய் இணைப்புகளை ஐஸ்லாந்துப் பொறியாளர்கள் உருவாக்கிச் சோதித்திருக்கிறார்கள்.