உதவித்தொகைப் படிவம் வரும் நாள்

"எஸ்.சி. பிள்ளைங்க எழுந்து நில்லுங்க, உதவித்தொகைப் படிவம் வந்திருக்கு." நம்மில் பலர் கேட்டு வளர்ந்த குரல். ஆசிரியருக்கு அது அலுவலக வேலை. எழுந்து நிற்கும் பிள்ளையின் சாதியோ வகுப்புக்கே தெரிந்துவிடுகிறது.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பட்டியலின மாணவரையும் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. உதவித்தொகை விவரத்தை மாணவரைத் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது, பி.எட். பாடத்திட்டத்தையே மாற்ற வேண்டும் என்றது.

'உள்ளடக்கிய கல்வி'ப் பயிற்சி என்றாலோ பெரும்பாலும் மாற்றுத்திறன் குழந்தைகளைப் பற்றியே பேச்சு. அதுவும் தேவைதான். சாதியைப் பற்றிப் பேசத்தான் தயக்கம். அடுத்த பயிற்சியில் அந்தப் படிவத்தை எப்படிக் கொடுப்பது என்று நடத்திக் காட்டுங்கள் என்கிறோம். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோரும் இதைக் கேட்கலாம்.